மரம் பிழைத்தது, தொழிலாளி?

புதுதில்லி: அந்தமானில் தொழில் என்றால் ஒரு காலத்தில் மரம்தான். சாத்தம் தீவில் அரசு மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் ஒட்டுப்பலகை ஆலைகளும் வந்தன.

2002 மே மாதம், சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று, மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடுகளைக் காக்க அது தேவையான தீர்ப்பே. ஆனால், 1977-இல் மத்திய அரசு அமைத்த வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் முதன்மை வருவாய் அத்துடன் நின்றது. ஊழியர் சம்பளத்துக்கே மத்திய அரசின் கடனை எதிர்பார்க்கும் நிலை உருவானது.

கழகத்தின் ரப்பர் தோட்டம் இருந்த கச்சால் தீவில், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. கப்பலில் வரும் அரிசி, பருப்பை நம்பி வாழும் அங்கு, சம்பளம் தாமதமானால் கடைக்காரரிடம் கடன் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

2017-இல்தான் கழகத்தை மூடவும், ஊழியர்களின் நிலுவைகளைத் தீர்க்கவும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மக்களவையில் இத்தீவுகளுக்கு ஒரே ஓர் உறுப்பினர்தான். காட்டைக் காப்பதற்கான விலையை யார் தருவது என்பதைத் தீர்ப்பு வந்தபோதே அரசு முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் 15 ஆண்டுத் தாமதத்தைச் சுமந்தவர்கள் தொழிலாளர்களே.