காடா, வயலா? விண்வெளிப் படமும் திரியாய் மண்ணும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய் வரும். கிழக்கே கடல். மேற்கே வயல்வெளி, சிறு குளங்கள், அப்பால் காடு. ஊருக்கு வடக்கே யான் ஓயா கடலில் சேர்கிறது. புவியியல் படிக்கும் இவ்வூர்ப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: வயலோரம் அடர்ந்து நிற்கும் பற்றை, காடா, வயலா?

இதற்கான பதிலில் பல குடும்பங்களின் வாழ்வு தங்கியிருக்கிறது. 1985இல் வன்முறை திரியாய் மக்களை ஊரை விட்டு விரட்டியது. அவர்கள் திரும்பிவர நெடுங்காலம் ஆனது. உழாத வயலில் முதலில் புல் வரும், பிறகு முட்பற்றை, இருபது வருடத்தில் மரமே நிற்கும். வடக்குக் கிழக்கில் இப்படிக் காடேறிய நிலங்கள் பல இடங்களில் வரைபடத்திலும் காடென்றே எல்லையிடப்பட்டன. திரும்பி வந்த கமக்காரருக்கும் திணைக்களங்களுக்கும் இடையிலான பிணக்கு இன்னும் தீரவில்லை. பழங்காட்டைக் காக்கத்தான் வேண்டும். வயல் உரியவரிடம் போகவும் வேண்டும். எது எது என்று பிரித்தறிய ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி வானத்தில் இருந்தது. 1984 மார்ச் 1ஆம் திகதி, திரியாய் மக்கள் இடம்பெயர்வதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, லான்ட்சற் 5 என்ற அமெரிக்கச் செய்மதி ஏவப்பட்டது. மூன்று வருடம் உழைக்கும் என்று எதிர்பார்த்த செய்மதி, ஏறக்குறைய 29 வருடம் இயங்கியது. 16 நாளுக்கு ஒரு முறை அதே நிலத்தின்மேல் திரும்பி வந்தது. 2008 முதல் லான்ட்சற் படங்களை எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஊர் வெறிச்சோடியிருந்த வருடங்களின் படங்களும் அந்தச் சேமிப்பில் அடங்கும். இதைத் திரியாயின் ஒரு மாணவி தன் கணினியில் திறந்து பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரும் வியப்பு.

படத்தை வாசிக்கச் சிறிது கணக்குத் தெரிந்தால் போதும். பச்சை இலை, உணவு தயாரிக்கச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ பெருமளவில் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஓர் இலைப்பரப்பு சிவப்பில் 5 வீதத்தையும் அகச்சிவப்பில் 45 வீதத்தையும் திருப்பினால், வித்தியாசம் 40, கூட்டுத்தொகை 50. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.8. வெறும் மண் 20, 30 என்று திருப்பினால் விடை 0.2. தண்ணீரில் இந்த எண் பெரும்பாலும் பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். படத்தின் ஒவ்வொரு சதுரத்துக்கும் இந்த எண்ணைக் கணித்தால் பச்சையின் அளவு தெரிந்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு படம் ஏமாற்றும். பழங்காடும் முப்பது வருடப் பற்றையும் இன்றைய படத்தில் ஏறத்தாழ ஒரே பச்சையாகத் தெரியலாம். வருடக்கணக்கில் வரிசையாகப் பார்க்கும்போதுதான் வேறுபாடு துலங்கும். பெரும்போக வயல் முதலில் நீராக, பிறகு பசுமையாக, மாசி பங்குனியில் பழுத்து மஞ்சளாக, அறுவடைக்குப் பின் வெறும் தரையாக மாறும். அந்த ஏற்ற இறக்கம் எந்த வருடத்தில் நின்றது, எந்த வருடத்திலிருந்து பச்சை கூடிக்கொண்டே போனது என்று கோடு கீறிப் பார்த்தால், நிலத்தின் வரலாறு தெரியும். எந்த வருடமும் அப்படி ஏறி இறங்காத இடம் வேறு கதை சொல்லும்.

இதற்கு எல்லைகள் உண்டு, மாணவர்கள் அவற்றையும் படிக்கவேண்டும். லான்ட்சற் 5இன் ஒரு சதுரம் நிலத்தில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். ஓர் ஏக்கர் வயல் நாலரைச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். வரம்பெல்லாம் தெரியாது. 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பிய செய்மதியான சென்ரினல் 2 பத்து மீற்றர் அளவில் பார்க்கிறது. அதில் அதே ஏக்கர் 40 சதுரமாக விரியும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைத்துவிடும். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் செய்மதிதான் துணை.

நிலத்தின் உயரத்தை அளந்த கதை இன்னும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி, உலகின் பெரும்பகுதிக்கு ரேடாரால் உயர அளவை எடுத்தது. அதை வைத்து மழைநீர் எப்பக்கம் ஓடும், ஒரு குளத்துக்கு எந்த நிலத்திலிருந்து தண்ணீர் வரும் என்று கணினி கணிக்கும். ஆனால் அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் ரேடார் பெரும்பாலும் தரையை எட்டாமல் மரங்களின் இலை கிளைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். திரியாய் போன்ற தட்டையான கரையோரத்தில் ஒரு பற்றை, திரையில் மேடாகத் தெரியும். தண்ணீர் அதைச் சுற்றி ஓடுவதாகக் கணினி சொல்லும். மாரியில் எந்த வாய்க்கால் பெருகும், எந்தக் குளம் முதலில் வான் பாயும் என்பதை அங்கே கமம் செய்தவரிடம்தான் கேட்கவேண்டும்.

அதனால்தான் இந்தப் பாடம் வகுப்பறையில் முடியாது. கைத்தொலைபேசியோடு குளக்கட்டில் நடக்கவேண்டும். திறந்த வெளியில் அது ஏறக்குறைய 5 மீற்றர் துல்லியத்தில் இடம் காட்டும். அந்தப் புள்ளிகளைப் பழைய நில அளவைத் தாளின்மேல் வைக்கும்போது ஒரு பொறி உண்டு. பழைய இலங்கை வரைபடங்கள் நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவலவை ஆதாரமாகக் கொண்டவை. தொலைபேசியின் அளவை முறை வேறு. மாற்றுக் கணிப்புச் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்று போட்டால், குளக்கட்டு நூறு மீற்றருக்கு மேல் விலகி அடுத்தவர் வயலில் போய் நிற்கும். காணிப் பிணக்கு உள்ள இடத்தில் இது சின்னப் பிழை அல்ல.

உள்ளூர் ஆட்கள் இதைச் செய்யமுடியுமா என்று கேட்பவர்களுக்குக் கிழக்கிலேயே விடை உண்டு. 2012, 2013 காலத்தில் மட்டக்களப்பின் மண்முனை வடக்கில், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் முன்னெடுத்த திட்டத்தில், ஏறக்குறைய 30,000 கட்டிடங்கள் ஓபன் ஸ்ட்ரீட் மப் என்ற பொது வரைபடத்தில் ஏற்றப்பட்டன. செய்மதிப் படத்தில் கூரையின் உருவத்தை வரைந்தபின், அச்சிட்ட தாளோடு தெருத்தெருவாகப் போய், எத்தனை மாடி, எதற்குப் பயன்படுகிறது, சுவர் எதனாலானது என்று குறித்தார்கள். வெள்ளம் வரும்போது எந்த வீடு தாங்கும் என்று திட்டமிட அது உதவும்.

திரியாயில் கட்டிடங்களை விடக் குளங்களில் தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு குளத்துக்கும் ஊரார் சொல்லும் பெயர், துருசு இருக்கும் இடம், வான் பாயும் இடம், கட்டு உடைந்திருந்தால் அந்த இடம், கடைசியாக எந்த வருடம் அதன் கீழ் விதைத்தார்கள் என்ற முதியவரின் நினைவு. கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் வருடத்தைச் செய்மதி காட்டும் வருடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பற்றை முன்பு வயலாக இருந்ததற்குப் பிரதேச செயலகத்தில் வைக்கத்தக்க சான்று கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் அந்தக் கட்டுக்குப் போய் இன்னொருவரிடம் கேட்கவேண்டும். ஓர் உயர்தர வகுப்பு, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளோடு, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கக்கூடிய வேலை இது.