மரபணு எங்கிருந்து தொடங்குகிறது?

புற்றுநோய்க் கட்டியில் ஒரு மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று அளப்பது ஆய்வகங்களில் இன்று வழக்கமான காரியம். அந்த வேலை மரபணுவின் எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்ப்பதுதான் அரிது. நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதற்கான துப்பு சில சமயம் அங்கேதான் இருக்கிறது.

மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் நொதி, 'புரொமோட்டர்' என்ற டி.என்.ஏ. பகுதியில் வந்து அமர்ந்து வேலையைத் தொடங்கும். புரதம் செய்யும் நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படிப்பட்ட தொடக்க இடம் ஒன்றுக்கு மேல் உண்டு.

டிபி73 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். முதலாவது குரோமோசோமின் நுனியருகே இருக்கும் இது, 1997-ல் அறிவிக்கப்பட்டது. புற்றுநோயைத் தடுக்கும் பி53-க்கு நெருங்கிய உறவு. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோயில் குரோமோசோமின் இந்தப் பகுதி அடிக்கடி தொலைந்துபோவதால், இதுவும் காவல் மரபணுதான் என்று எண்ணினார்கள். ஆனால் பல கட்டிகளில் அது குறையவில்லை, கூடியிருந்தது!

விடை தொடக்க இடத்தில் இருந்தது. முதல் புரொமோட்டரிலிருந்து தொடங்கினால் முழுப் புரதம் கிடைக்கும். அது கெட்டுப்போன செல்லைச் சாகவைக்கும். இரண்டாவது புரொமோட்டர் மரபணுவுக்கு உள்ளே, மூன்றாவது இன்ட்ரானில் (நகலிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டில்) இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் புரதத்துக்குத் தலைப்பகுதி இருக்காது. மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் திறனோ அந்தத் தலையில்தான். தலையற்ற புரதம் டி.என்.ஏ.வில் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு, முழுப் புரதத்தையும் பி53-ஐயும் முடக்கிவிடுகிறது. நியூரோபிளாஸ்டோமா வந்த குழந்தைகளில், தலையற்ற வடிவம் காணப்பட்டவர்களின் நிலை மோசமாக இருந்ததை 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது.

ஒரே தொட்டியில் நல்ல தண்ணீர்க் குழாயும் உப்புத் தண்ணீர்க் குழாயும் விழும்போது, தொட்டி நிரம்பியதை மட்டும் பார்த்து என்ன பயன்?

மொத்த அளவைவிடத் தொடக்க இடம் அதிகம் சொல்லுமா என்று பெரிய அளவில் சோதித்தது சிங்கப்பூர் ஜீனோம் நிறுவனத்தின் ஜோனதன் கோக்கே குழு. புற்றுநோய்த் திசுக்களும் இயல்பான திசுக்களுமாக 18,468 மாதிரிகளின் ஆர்.என்.ஏ. தரவு ஏற்கெனவே சேகரிக்கப்பட்டு இருந்தது. அதையே மறுபடி படித்து, ஒவ்வொரு நகலின் முதல் துண்டு எது என்பதை வைத்து, எந்தப் புரொமோட்டர் விழித்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2019-ல் 'செல்' இதழில் முடிவு வந்தது: புரொமோட்டர்கள் தனித்தனியாக இயங்கும் மரபணுக்களில், மொத்த அளவைவிடப் புரொமோட்டரின் செயல்பாடே நோயாளியின் ஆயுளைத் துல்லியமாகக் கணித்தது.

இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. முதல் துண்டு மரபணுவின் உள்துண்டோடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் இந்தக் கணக்கும் கைகொடுக்காது. இந்த முறை மருத்துவமனைக்கு வருமுன் வேறு நோயாளிகளிடமும் தனியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். ஆனாலும் புதிதாக ஊசி குத்தவோ சதை எடுக்கவோ தேவையில்லாத வேலை இது. கட்டிகளின் ஆர்.என்.ஏ. தரவைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர்கள், மொத்தக் கணக்கோடு நிறுத்தாமல் புரொமோட்டர் வாரியாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும்.