சோறு குறைந்தால் முடி வளருமா, கொட்டுமா? தெரியுமா?

முதலில் ஒரு பசிக் கதை! சிசிலித் தீவின் பலெர்மோ மாகாணம் எலுமிச்சைத் தோப்புகளுக்குப் பேர்போன பூமி! அதே மாகாணத்தின் திராப்பெத்தோ என்ற கடலோர ஊரில், 1952-இல் ஒரு குழந்தை பசியால் செத்துப்போனது தெரியுமா? அந்தக் குழந்தையின் கட்டிலிலேயே படுத்து உண்ணாவிரதம் இருந்தார் சமூகப் போராளி தனிலோ தோல்ச்சி! அரசு இறங்கிவந்த பிறகுதான் சாப்பிட்டார்!

பசித்த உடம்பில் யாருக்கு முதல் பந்தி? இதயத்துக்கும் மூளைக்கும்! தோலும் முடியும் கடைசிப் பந்திதான்!

நம்ப முடிகிறதா? 1945-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள்! ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கால்வாசி காலி! தோல் சொரசொரத்துச் சில்லிட்டது. முடி வறண்டு உதிர்ந்தது. சோதனையை நடத்திய ஆன்சல் கீஸ் பின்னாளில் தென் இத்தாலியின் பியோப்பியில் குடியேறினார். 100 வயது வரை வாழ்ந்தார்!

இதைவிட நெஞ்சை உலுக்குவது நம் தாது வருஷப் பஞ்சம்! 1877-இல் சென்னை மாகாண நிவாரண வேலைக்கு பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியில் ஆளுக்கு எவ்வளவு தானியம் தெரியுமா? நாளைக்கு ஒரு பவுண்டு! அரிசியாகக் கணக்கிட்டால் சுமார் 1,600 கலோரி. ஏறக்குறைய மினசோட்டா அளவு! அதைத் தின்றுவிட்டு மண் சுமக்க வேண்டும்! மருத்துவர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். எதிர்க்காமல் இருக்க முடியுமா?

பட்டினியில் மனிதனுக்கு முடி உதிர்கிறது, எலிக்கு நேர்மாறு! 2017-இல் வெளியான ஆய்வில் பிரேசில் விஞ்ஞானிகள் சுண்டெலிகளுக்குத் தீனியை 60 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆறு மாதத்தில் ரோமம் நீண்டு, அடர்ந்து, சீராக வளர்ந்தது! தோலில் ரத்த நாளங்கள் மூன்று மடங்கு! கொழுப்பு கரைந்ததால் குளிர் தாங்க ரோமக் கம்பளி!

மனிதனுக்கும் அப்படி முளைக்குமா? ஆமாம்! கடும் பட்டினியில் முகத்திலும் முதுகிலும் பூனைமுடி வரும்! 1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தில், தலைமுடி கொட்டிய குழந்தைகளின் முகத்தில் ரோமம் படர்ந்ததைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்!

தலையில் சுமார் 1,00,000 முடி. தினமும் 100 வரை உதிர்வது சகஜம். திடீர் டயட்டில்? கொத்துக் கொத்தாக! அதுவும் உடனே அல்ல, இரண்டு மூன்று மாதம் கழித்து! தை மாதம் வயிற்றைக் காயப்போட்டால் சித்திரையில் சீப்பு நிறைய முடி! பாவம், பழி ஷாம்பூவுக்கு! வயிறார உண்ணத் தொடங்கினால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில்!