வேரில் இருக்குது நிறம்: சாயவேர்ச் சரக்குகள் பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியவை

மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் மூலையில் கிடக்கும் சில வேர்ச் சரக்குகள், ஒரு காலத்தில் கப்பலேறிப் போன சரக்குகள் ஆகும். இன்று அவற்றைக் கேட்டு மீண்டும் ஆள் வருகிறார்கள். கேட்பவருக்குப் பதில் சொல்ல, சரக்கின் குணம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயவேரின் கதை

இம்பூரல் எனப்படும் சிறு செடியின் வேரே சாயவேர். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்திலும், இலங்கையின் வடபகுதியிலும் விளைவது. நம் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளின் சிவப்பு இந்த வேரிலிருந்து வந்ததுதான். இலங்கையில் டச்சுக்காரர்கள் இவ்வியாபாரத்தையே தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள்.

வேர்ப்பட்டையில் உள்ள அலிசரின் என்ற பொருளே சிவப்புக்குக் காரணம். 1868-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கிரேபேயும் லீபர்மனும் இதே பொருளைத் தாரிலிருந்து கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டு செய்து காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தொழிற்சாலைச் சரக்கு சந்தைக்கு வந்தது. விலை மலிவு, தரம் ஒரே சீர். நம் சாயப் பட்டறைகளும் அதற்கு மாறின. சாயவேர் வியாபாரம் படுத்துவிட்டது.

மீண்டும் கிராக்கி ஏன்?

சில வகை அசோ சாயங்கள் உடலுக்குக் கேடு என்று 1994-ல் ஜெர்மனி தடை விதித்தது. 1997-ல் நம் நாட்டிலும் 70 அசோ சாயங்கள் தடை செய்யப்பட்டன. அதன் பிறகு இயற்கைச் சாயத்தைத் தேடுவோர் பெருகினர்.

வேர் மட்டும் போதாது

பருத்தி நூலில் வேர்ச்சாயம் தானாக ஒட்டாது. முதலில் கடுக்காய் நீரில் துணியை ஊற வைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். படிகாரத்துக்குப் பதில் இரும்பு சேர்ந்தால் நிறம் கறுக்கும். எனவே சிவப்பு வேண்டுவோர் இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. வேர் கேட்டு வருபவரிடம் கடுக்காயும் படிகாரமும் தேவை என்று எடுத்துச் சொன்னால் அவருக்கும் வேலை சரியாக அமையும். நமக்கும் மூன்று சரக்கு விற்கும்.

சரக்கு பார்க்கும் விதம்

மஞ்சிட்டி: வேரோடு தண்டையும் கலந்து மூட்டை கட்டுவது உண்டு. தண்டில் நிறம் குறைவு. ஒடித்துப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பு தெரிய வேண்டும்.

நுணா வேர்: மஞ்சணத்தி என்றும் பெயர். சாயம் வேர்ப்பட்டையில் உள்ளது. பட்டை உதிர்ந்த கட்டைக்கு மதிப்பில்லை.

வேம்பாளம் பட்டை: வேரின் மேல்பட்டை. தேங்காயெண்ணெயில் போட்டால் எண்ணெய் சிவக்கும். கூந்தல் தைலத்துக்கு விற்பனை அதிகம்.

ரதன்ஜோத்: இமயமலைப் பக்கத்துச் சரக்கு. நிறம் எண்ணெயில்தான் இறங்கும். வெறும் தண்ணீரில் போட்டதும் பளிச்சென்று சிவந்தால் சாயம் ஏற்றிய சரக்கு என்று சந்தேகிக்கலாம்.

மஞ்சள்: உண்மையில் இது வேரல்ல, கிழங்கு. படிகாரம் இல்லாமலே துணியில் ஏறும்; ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். மஞ்சள் தூளில் லெட் குரோமேட், மெட்டானில் யெல்லோ போன்ற விஷச் சாயங்களைக் கலப்பது பெருங்குற்றம்.

நாம் கவனிக்க வேண்டியவை

கூடியவரை தூளாக வாங்காமல் முழுச் சரக்காகவே வாங்குங்கள். தூளில் எது கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் படாமல், வெயில் விழாமல் வையுங்கள். துணிச் சாயத்துக்கான பொடிகளை உணவுப் பொருட்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத உணவுச் சரக்குக்கு விற்றவரே பொறுப்பாவார். பாதுகாப்பற்ற மஞ்சள் தூள் நம் கடையில் பிடிபட்டால், பில் இல்லாத வியாபாரி யாரையும் கைகாட்ட முடியாது. மொத்த வியாபாரியிடம் எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் கேட்டு வாங்குவது நம் உரிமை, தயங்க வேண்டாம்.