அடைவும் அறுதியும்: மத்திய வங்கி பணமூட்டும் இருவழிகள்

மத்திய வங்கி ‘காசு அச்சடிக்கின்றது’ என்னும் கூற்று இந்நாளில் நம் நாட்டில் யாவர் வாயிலும் வழங்குவதாயிற்று. அஃது எவ்வாறு நிகழ்வது, எப்பொழுது நன்மை பயப்பது, எப்பொழுது தீமை விளைப்பது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

வணிக வங்கி ஒவ்வொன்றும் மத்திய வங்கியிற் கணக்கு வைத்துள்ளது. அக்கணக்கிலுள்ள பணமே ஒதுக்கு எனப்படும். வங்கிகள் தம்முள் நிகழும் கொடுக்கல் வாங்கலை அதனாலேயே தீர்க்கின்றன. ஒதுக்குக் குறையின், வங்கிகள் ஒன்றிடமொன்று பெறும் கடனுக்கு வட்டி உயரும். அதனைத் தணிக்க மத்திய வங்கிக்கு இருவழிகள் உள.

முதலாவது, தற்காலிகமாக ஊட்டுதல். நகையை அடைவு வைத்துப் பின்னர் மீட்பதை நாம் அறிவோம். அதுபோல, வங்கி தன் திறைசேரி உண்டியலை மத்திய வங்கிக்கு இன்று விற்று, நாளையோ ஒரு வாரத்திலோ சிறிது கூடிய விலைக்கு மீள வாங்க உடன்படும். அவ்விலை வேறுபாடே வட்டி. தவணை முடிந்ததும் பணம் திரும்புகின்றது. ஊட்டிய ஒதுக்கும் மறைகின்றது. பண்டிகைக் காலத்தில் மக்கள் பணத்தைத் தாளாக எடுப்பதால் நேரும் குறைவுக்கு இவ்வழி ஏற்றது.

இரண்டாவது, நிலையாக ஊட்டுதல். இஃது அறுதி விற்பனை போன்றது. மத்திய வங்கி சந்தையில் உண்டியலையோ முறியையோ வாங்கி, அதன் விலையை விற்ற வங்கியின் கணக்கில் வரவு வைக்கும். மீள விற்கும் உடன்பாடு இன்மையால், பத்திரம் முதிரும்வரையோ மத்திய வங்கி அதனைத் தானாக விற்கும்வரையோ அப்பணம் நிலைக்கும். பொருளாதாரம் வளர வளரப் பணத்தேவையும் பெருகுமாகலின், அளவான நிலையூட்டம் வேண்டற்பாலதே.

இடர் தோன்றுவது, அரசாங்கத்தின் செலவுக்காக அதனிடமே உண்டியலை நேரே வாங்குமிடத்தாம். 2020 முதல் 2022 வரை நம் மத்திய வங்கி அவ்வாறு பெருந்தொகைக்கு வாங்கியது. 2022 இல் ரூபாவின் வீழ்ச்சியும் பொருட்டட்டுப்பாடும் அதனுடன் கூடின. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேமித்தோரின் வைப்பும் ஓய்வூதியமும் பெறுமதியிழந்தன. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் இத்தகைய நேர்க்கொள்வனவைத் தடைசெய்தது. சந்தையில் வாங்குவதைத் தடுத்திலது.

ஆதலின், மத்திய வங்கி பணம் ஊட்டிற்று எனக் கேள்வியுற்றவிடத்து அஞ்சுதலும் வேண்டா, அயர்தலும் வேண்டா. எவரிடம் வாங்கியது, எத்துணைக் காலத்துக்கு, எதன்பொருட்டு என்னும் மூன்று வினாக்களை எழுப்புவோமாக. அவற்றின் விடையிலேயே நம் சேமிப்பின் நலம் தங்கியுள்ளது.