மண்ணோடு பேசுவோம் – 9: தளதளவென்று வளர்ந்த கீரை

சாக்கடை கலந்த தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் தாராளம். கீரை தளதளவென்று வளர்வது அதனால்தான் என்று போன வாரம் பார்த்தோம். அதே தண்ணீரில் ஆலைக் கழிவும் சேர்ந்து, காட்மியமும் ஈயமும் வந்தால் கீரை கருகிவிடாதா? கருகினால் நல்லதுதான். காட்மியத்தில் அப்படி நடப்பதில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

காட்மியத்தால் செடிக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் இரும்பையும் துத்தநாகத்தையும் உறிஞ்ச வேர் வைத்திருக்கும் வழியிலேயே அதுவும் நுழைந்துவிடுகிறது. நுழைந்ததைச் செடி சும்மா விடுவதில்லை. பைட்டோகெலேட்டின் என்ற சிறு புரதத் துணுக்குகளைத் தயாரித்து, காட்மியத்தைப் பிடித்துக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழியில் அடைத்துவிடுகிறது. செடிகளின் இந்த ஏற்பாட்டை 1985-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அடைபட்ட நஞ்சால் இலைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அந்த இலையைத்தான் நாம் கடைந்து சோற்றில் பிசைகிறோம்.

கணக்கைப் பாருங்கள். கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு கீரைக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்த்தி எடை போட்டால் அது சுமார் 2 மில்லிகிராம். செடி வாடத் தொடங்குவதோ பெரும்பாலும் 5 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான். சில செடிகள் 30 வரைகூடத் தாங்கும். இந்த இடைவெளியில் வளரும் கீரைக்கட்டு சந்தையில் அழகாகத்தான் இருக்கும். அளவு இன்னும் ஏறினால் வேர்நுனி பழுப்பேறிக் கட்டையாகும், இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். பார்ப்பதற்கு அசல் இரும்புச்சத்துக் குறைதான். விவசாயி அன்னபேதியைக் கரைத்துத் தெளித்துவிட்டுப் போவார்.

குரோமியத்துக்கு இந்தக் கள்ளத்தனம் கிடையாது. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவோடு வருகிற குரோமியத்தில் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். அளவு மிஞ்சினால் முளைப்பே குறைந்து, நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஈயமும் வேரைத் தாண்டி அதிகம் ஏறாது. இலையில் இருப்பது பெரும்பாலும் சாலைத் தூசியும் தெறித்த மண்ணும்தான். நன்றாக அலசினால் அதில் பெருமளவு போகும். காட்மியம் அலசினால் போகாது.

மண்ணில் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பது மட்டும் போதுமா? இங்கிலாந்தின் சோமர்செட்டில் ஷிப்பம் என்றொரு கிராமம், பழைய துத்தநாகச் சுரங்கங்களின் மேல் அமைந்தது. சாதாரண மண்ணில் கிலோவுக்கு 1 மில்லிகிராம்கூட இருக்காத காட்மியம், 1979-இல் அங்கே சில தோட்டங்களில் நூற்றுக்கணக்கில் இருப்பது தெரிந்து ஊரே பதறியது. மக்களைப் பரிசோதித்தார்கள், பயந்த அளவுக்குப் பாதிப்பு இல்லை. அதைவிட மிகக் குறைந்த காட்மியம் இருந்த ஜப்பானின் ஜின்சு ஆற்று நெல்வயல்களோ, எலும்பை நொறுக்கும் இதாய்-இதாய் நோயைத் தந்தன. ஷிப்பம் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், அதனால் காட்மியம் எளிதில் கரையவில்லை. கூடவே இருந்த துத்தநாகமும் வேரில் அதற்குப் போட்டியாக நின்றது.

அதனால் மொத்த அளவை மட்டும் எழுதித் தரும் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு கீரை போடலாமா என்று முடிவெடுப்பது சரியல்ல. மண்ணின் கார அமில நிலையையும் கேட்டு வாங்க வேண்டும். அமில மண்ணென்றால் சுண்ணாம்பு இடலாம், தொழுவுரம் சேர்க்கலாம். உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் காட்மியம் இன்னும் சுலபமாக ஏறும். சந்தேகமான நிலத்தில் பாலக்கும் லெட்டூஸும் வேண்டாம். அவரை, பீன்ஸ் போன்றவற்றின் காய்க்கு அது அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை.

(தொடரும்)