வெள்ளி இலைச் செடியும் விஷ மண்ணும்

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கால்வாய் ஓரத்திலும் மண் சரிந்த மேட்டிலும் ஒரு பெரணி வளர்கிறதே, மேலே பச்சையும் அடியில் மாவு பூசினாற்போல் வெள்ளையுமாக, அதன் இலை ஒன்றைக் கிள்ளிப் புறங்கையில் வைத்துப் 'பட்'டென்று அடிப்பார்கள். இலையை எடுத்தால் கையில் வெள்ளை அச்சு விழுந்திருக்கும். நானும் லயத்தில் வளர்ந்த நாளில் அதை வைத்துக்கொண்டு மருதாணி இட்ட பெருமையோடு திரிந்தவள்தான்.

அந்த வெள்ளி இலைச் செடிக்கு இன்னொரு குணமும் இருப்பது சென்ற ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. மண்ணில் கலந்துவிட்ட பாஷாணத்தை அது வேரால் உறிஞ்சி, இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். (அந்த வெள்ளை மாவு பாஷாணமல்ல, செடி தானே சுரக்கும் பொருள். பயப்பட வேண்டாம்.)

எனக்குத் தெரியவந்த கதை இதுதான். பள்ளியில் காய்கறித் தோட்டம் போட இடம் தேடினோம். பழைய மருந்து ஸ்டோர் இடிந்துபோன இடம் சும்மா கிடந்தது. மண் மிருதுவாக இருந்தது, தண்ணீர்க் குழாயும் பக்கத்தில். பெற்றோர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அப்போது எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வெற்றிலைப் பையோடு வந்து நின்று, "டீச்சரம்மா, அந்த எடத்துல கீர போடாதீங்க. அங்கதான் அந்தக் காலத்துல லாலான் மருந்து கலக்குவாங்க. அந்தப் புல்லத் தின்ன மாடு வீடு வந்து சேந்ததில்ல" என்றார்.

பாட்டி சொன்ன லாலான் மருந்து சோடியம் ஆர்செனைட். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் களையை அழிக்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட மருந்து அது. ஆர்செனிக் என்பதைத்தான் நம் முன்னோர் பாஷாணம் என்றார்கள். அந்த மருந்து பட்ட புல் உப்புக் கரிக்குமாம். மாடு அதைத் தேடிப்போய் மேயும். அதைத் தோளில் சுமந்து அடித்த நம் தாத்தா பாட்டிகளுக்கு கையுறையும் முகமூடியும் யார் கொடுத்தார்கள்?

"அது எத்தனையோ வருஷத்துக்கு முந்தி, இந்நேரம் கரைந்து போயிருக்கும்" என்றார் ஒரு தகப்பனார். நியாயமான நினைப்புதான். குப்பை மக்குகிறது, சாணம் மக்குகிறது, இலை மக்குகிறது. ஆனால் ஆர்செனிக், காரீயம், காட்மியம், பாதரசம் போன்றவை மக்குவதே இல்லை. அவை தனிமங்கள். எரித்தாலும் புதைத்தாலும் இடம் மாறுமே தவிர அழியாது. (ஆர்செனிக் முழு உலோகம் அல்ல, உலோகத்துக்கும் மற்றதற்கும் நடுவில் நிற்பது. என்றாலும் கெடுதலில் குறைவில்லாததால் கன உலோகங்களோடு சேர்த்தே பேசுகிறார்கள்.) மண்ணை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். பாட்டி சொன்னது சரி என்று பதில் வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. தென் தாய்லாந்தில் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் ரோன் பிபூன் என்றோர் ஊர். நம் கிந்தா பள்ளத்தாக்கைப் போல அங்கும் வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. ஈயத்தோடு வெளிவந்த ஆர்செனிக் கல்லைக் கழிவாகக் குவித்தார்கள். மழை அதைக் கரைத்துக் கிணற்றில் சேர்த்தது. 1987-இல் அவ்வூர் மக்களின் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துக் கருத்ததற்கு ஆர்செனிக்கே காரணம் என்று வெளிப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

அந்த ஊர் மண்ணில் மற்றச் செடிகள் தடுமாறிய இடத்தில் தளதளவென்று நின்றது எது தெரியுமா? நம் பிள்ளைகள் விளையாடும் அதே வெள்ளி இலைப் பெரணிதான். ஆராய்ச்சியாளர்கள் அதைப் பறித்து உலர்த்திச் சோதித்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி உலர்ந்த ஒரு கிலோ இலையில் 8 கிராமுக்கு மேலும் ஆர்செனிக் இருந்தது! ஒரு சாதாரணச் செடியில் சில மில்லிகிராம் சேர்வதே அரிது. அதற்கு முந்திய ஆண்டு, 2001-இல், அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீனா மா என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், மரத்துக்கு ஆர்செனிக் மருந்து ஏற்றிய பழைய பட்டறை நிலத்தில் வேறொரு பெரணிக்கு இதே குணம் இருப்பதை அறிவித்திருந்தார்கள். அதுவும் நமக்கு அந்நியமல்ல. பழைய சுவர்களிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகளிலும் முளைக்கும் நீள இலைப் பெரணி.

பெரணி ஏன் இப்படிச் செய்கிறது? ஆர்செனிக், பார்வைக்கு பாஸ்பேட் உரத்தின் தம்பி போல இருக்கும். வேர் உரமென்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. மற்றச் செடி செத்துப்போகும். பெரணி அதை இலையில் ஒரு மூலையில் அடைத்துப் பூட்டி வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வளர்கிறது.

அப்படியானால் பெரணியை நட்டு அறுத்து, நட்டு அறுத்து மண்ணைச் சுத்தம் செய்துவிடலாமே என்கிறீர்களா? செய்யலாம், ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு இது உதவாது. ரோன் பிபூன் ஆராய்ச்சியில் ஆண்டுக்கு மண்ணிலுள்ள ஆர்செனிக்கில் நூற்றுக்கு சுமார் 2 பங்குதான் வெளியேறும் என்று கணக்கிட்டார்கள். அறுத்த இலையை மாட்டுக்குப் போடக்கூடாது, எருக்குழியிலும் போடக்கூடாது. எரித்தால் பாஷாணம் புகையோடு கிளம்பும். அதற்கென்று உள்ள முறைப்படிதான் அப்புறப்படுத்த வேண்டும்.

எல்லா விஷத்துக்கும் ஒரே செடி என்பதும் இல்லை. ஜப்பானில் தொயாமா வட்டாரத்தில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களில் மேலேயிருந்த சுரங்கத்தின் காட்மியம் படிந்தது. அந்த அரிசியை உண்டவர்களின், முக்கியமாகப் பல பிள்ளைகளைப் பெற்ற பெண்களின் எலும்புகள் இருமினாலே முறியும் அளவுக்கு நொந்தன. 'இத்தாய் இத்தாய்' என்று அந்த நோய்க்கே பெயர். 'வலிக்குதே, வலிக்குதே' என்று பொருள். 1968-இல் அரசாங்கம் அதைச் சுரங்கக் கழிவால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. வயல்களின் மேல்மண்ணை மாற்றும் வேலை 2012-இல்தான் முடிந்தது. அவ்வளவு செலவு எல்லா ஊருக்கும் கட்டுமா? பின்னாளில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்மியத்தை அதிகமாக இழுக்கும் சோகோகோகு என்ற நெல்லை, உண்பதற்காக அல்லாமல் மண்ணைக் கழுவுவதற்காகவே பயிரிட்டார்கள். இரண்டு ஆண்டில் மண்ணின் காட்மியம் நூற்றுக்கு 38 பங்கு குறைந்தது. பிறகு விளைந்த சாப்பாட்டு அரிசியில் 47 பங்கு குறைந்தது.

வெளியே இழுப்பது ஒரு வழி. மண்ணுக்குள்ளேயே கட்டிப்போடுவது இன்னொரு வழி. இதற்குத்தான் மண்ணில் சில பொருள்களைக் கலக்கிறார்கள். சுண்ணாம்பு போட்டால் மண்ணின் புளிப்புக் குறையும், காட்மியம் எளிதில் வேருக்குள் போகாது. மக்கிய எருவும் நிறையப் பிடித்து வைக்கும். காரீயம் கலந்த மண்ணில் பாஸ்பேட் கலந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத கல்லாகும்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் ஏமாந்துபோகும் இடம். அதே பாஸ்பேட்டை ஆர்செனிக் மண்ணில் போட்டால் தலைகீழ்! பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு இன்னொருவர் உட்காருவது போல, மண்துகளில் ஒட்டியிருக்கும் பாஷாணத்தைத் தள்ளிவிட்டு பாஸ்பேட் அந்த இடத்தைப் பிடிக்கும். பாஷாணம் தண்ணீரோடு கிளம்பிவிடும். சுண்ணாம்பும் அங்கே உதவாது, சில வேளை கெடுக்கும். ஆர்செனிக்குக்கு இரும்புத் துரு போன்ற இரும்புச் சேர்மங்கள்தான் பிடி. ஆகவே என்ன விஷம் என்று தெரியாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். நான்கூட முதலில் சுண்ணாம்பு வாங்கத்தான் ஆள் அனுப்பப் பார்த்தேன்.

சபாவில் நடப்பதை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. கினபாலு மலை வட்டாரத்தில் சில இடங்களில் மண்ணிலேயே இயற்கையாக நிக்கல் அதிகம். அங்கே வளரும் ஒரு சிறுமரம், நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் ஒரே குடும்பத்து உறவு, நிக்கலை இலையில் சேர்க்கிறது. ரானாவ் பக்கத்தில் அதை நட்டு, கிளையை அறுத்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுக்க முடியுமா என்று சோதித்தார்கள். அதன் இனத்தில் இன்னொரு மரத்தின் பட்டையைக் கீறினால், பால்மரத்தில் பால் வடிவது போல, நீலம் கலந்த பச்சைச் சாறு வடியுமாம். பால் வெட்டிய நம் தாய்மார்கள் அதைப் பார்க்க வேண்டும்!

சரி, நம் லயத்து வாசலுக்கு வருவோம். பழைய மருந்து ஸ்டோர், பேட்டரி உடைத்த இடம், ஈய லம்பத்து மணல் ஆகிய இடங்களில் மண்ணைச் சோதிக்காமல் கீரை போடாதீர்கள். 'பூச்சோக் பாக்கு' பறிப்பவர்களும் அங்கே பறிக்க வேண்டாம். வேறு இடமில்லையென்றால் பலகை அடித்து, நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அதில் போடுங்கள். சிறு பிள்ளைகள் விரலை வாயில் வைப்பதால்தான் மண் அதிகமாக உள்ளே போகிறது. விளையாடி வந்ததும் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

எங்கள் காய்கறித் தோட்டம் இப்போது பள்ளியின் கிழக்குப் பக்கம் பலகைப் பாத்தியில் இருக்கிறது. கங்கோங் இரண்டு முறை அறுத்தாகிவிட்டது. பழைய இடத்துக்கு வேலி போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். இன்னும் பதிலில்லை. பிள்ளைகளின் தகப்பன்மார்கள் தாங்களே நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். உள்ளே வெள்ளி இலைப் பெரணி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அங்கே போய் இலை பறிக்கக்கூடாதென்று சொன்னதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்மேல் கோபம்.